நாற்பது டொலர் பேர்பனும் ஒரு பத்திரிகைக்காரனின் நாக்கும்

பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். எந்த அறிக்கை கைக்கு வந்தாலும் கடைசிப் பந்தியைத்தான் முதலில் வாசிப்பான். அறிக்கையை வெளியிட்டவர் சொல்ல விரும்பியது முதற்பந்தியில் இருக்கும். சட்டத்துக்குப் பயந்து சொன்னது அடியில், சிறிய எழுத்தில் இருக்கும். அமெரிக்காவில் விற்பனையாகும் பேர்பன் விஸ்கிப் போத்தல்களையும் இவ்வாறே வாசிக்க வேண்டும் என்பது, ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரிலுள்ள என் தங்கையின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது எனக்கு உறுதியாயிற்று.

மதுவைப் பற்றித் தமிழில் எழுதுவோர் இரு வகையினர். ஒரு சாரார் அதனைத் தூற்றுவர். மற்றொரு சாரார் அதனைக் கொண்டாடுவர். ஒரு சேலையின் நெசவையோ ஒரு நெல்லின் குணத்தையோ ஆராய்வதுபோல, ஒரு மதுவகையின் தரம், விலை, நேர்மை ஆகியவற்றை ஆராய்ந்து எழுதுவோர் அரிது. அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் எங்கள் குடும்பத்திலும் உண்டு. அதைப் பின்னர் கூறுகிறேன்.

முதலில் பேர்பன் என்றால் என்னவென்று அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். பேர்பன் என்பது அமெரிக்க விஸ்கி. 1964ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய தீர்மானமொன்று அதனை அந்நாட்டுக்கே உரிய தனித்துவமான உற்பத்தி என அறிவித்தது. கென்டக்கி மாநிலத்தில்தான் செய்யப்பட வேண்டும் என்று பலர் நினைக்கின்றனர். அப்படியொரு விதி இல்லை. அமெரிக்காவின் எந்த மூலையிலும் செய்யலாம். ஆனால் கென்டக்கியில் மனிதர்களைக் காட்டிலும் விஸ்கிப் பீப்பாய்கள் அதிகம் என்பதால் அந்த நினைப்பில் பிழை காண்பதற்கில்லை.

விதிகள் எளியவை, ஆனால் கடுமையானவை. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். எஞ்சிய பங்குக்கு றை என்னும் தானியம், கோதுமை, முளைகட்டிய பார்லி முதலியன. வடிக்கும்போது மதுசாரத்தின் அளவு 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பீப்பாயில் இடும்போது 62.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பீப்பாய் ஓக் மரத்தால் ஆனதாகவும், உட்புறம் தீயிற் கருக்கப்பட்டதாகவும், முன்னர் பயன்படுத்தப்படாததாகவும் இருக்க வேண்டும். நிறமோ மணமோ சேர்க்கக்கூடாது. இரண்டு ஆண்டுகளேனும் பீப்பாயில் கிடந்தால் 'ஸ்ட்ரெயிட்' என்ற அடைமொழி கிடைக்கும். அவ்வகையில் நான்கு ஆண்டுகளுக்குக் குறைந்ததாயின் வயதைப் போத்தலில் எழுதியாக வேண்டும்.

இவ்வளவு விதிகள் உள்ள நாட்டில் 'கிராஃப்ட்' என்ற சொல்லுக்கு மட்டும் சட்டத்தில் வரைவிலக்கணம் இல்லை. சிறிய வடிசாலை, கைப்பக்குவம், உள்ளூர்த் தானியம் என்றெல்லாம் வாங்குபவர் மனத்தில் தோன்றும் படிமங்களுக்கு எவரும் பொறுப்பில்லை. 'மக்கள் நலன்' என்ற சொல்லைப் போல யாரும் எடுத்தாளலாம். எங்கள் செய்தி அறையில் அந்தச் சொல்லைக் கண்டால் அடித்துவிடும் மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் இருந்தார்; போத்தல்களுக்கு அப்படியொருவர் இல்லை.

என் மருமகன், அதாவது தங்கையின் ஒரே மகன், பொறியியலாளர். வயது நாற்பதை நெருங்குகிறது. நான் போயிருந்த இரண்டாவது வாரம் ஒரு சனிக்கிழமை மாலை மூன்று போத்தல்களை மேசையில் வைத்து, "மாமா, நீங்கள் எதையும் நம்பாத ஆள். இதிலை எது காசுக்குத் தகும் எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றான்.

மூன்றில் ஒன்றின் பெயரை எழுதப்போவதில்லை. அழகான போத்தல். முன்புற லேபிளில் ஒரு பாட்டனாரின் கதை; இரகசியமாகப் பாதுகாக்கப்பட்ட குடும்பச் செய்முறை; குதிரை வண்டியின் ஓவியம். விலை 45 டொலர். நான் வழக்கம்போலப் பின்புறத்தைத் திருப்பினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோனால்தான் தெரியும் எழுத்தில் 'இந்தியானாவில் வடிக்கப்பட்டது' என்றிருந்தது. பாட்டனார் வாழ்ந்ததாகக் கதை கூறும் ஊர் இந்தியானாவில் இல்லை. போத்தலின் முகவரியும் அங்கில்லை.

இதில் சட்டமீறல் ஏதுமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விஸ்கி வடிக்கப்பட்ட மாநிலம் லேபிளில் உள்ள முகவரியின் மாநிலத்திலிருந்து வேறுபட்டால் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது விதி; குறிப்பிட்டிருக்கிறார்கள். இந்தியானாவின் லோரன்ஸ்பர்க் நகரில் மிகப்பெரிய வடிசாலை ஒன்று உண்டு. நாட்டின் பல பாகங்களிலும் தம் பெயரில் விஸ்கி விற்போர் அங்கிருந்து வாங்குவது ஊரறிந்த விடயம். அங்கு செய்யப்படும் சரக்கு தரத்தில் குறைந்ததன்று. பிறர் வடித்ததை வாங்கி, நல்ல பீப்பாய்களைத் தெரிந்து கலப்பதும் ஒரு திறமைதான். பாட்டனாரின் கதைதான் இடிக்கிறது. 45 டொலரில் எத்தனை டொலர் விஸ்கிக்கு, எத்தனை டொலர் பாட்டனாருக்கு என்ற கேள்வி எழுகிறது.

இரண்டாவது போத்தல் நியூ றிஃப். சின்சினாட்டியிலிருந்து ஒஹாயோ ஆற்றைக் கடந்தால் எதிர்க்கரையில் கென்டக்கியின் நியூபோர்ட் நகரம். அங்கு 2014இல் தொடங்கிய வடிசாலையின் உற்பத்தி இது. தொடங்கியவர் கென் லூயிஸ் என்ற மதுபான வணிகர். சில்லறைக் கடையும் வடிசாலையும் ஒருவரிடமே இருக்கச் சட்டம் இடந்தராமையால், தாம் வளர்த்த பெரிய கடையை அங்கு வேலை செய்தவர்களுக்கே விற்றுவிட்டு இத்தொழிலில் இறங்கினார். தானியக் கலவை மக்காச்சோளம் 65, றை 30, முளைகட்டிய பார்லி 5 சதவீதம். குளிரூட்டி வடிகட்டுவதில்லை. விலை 40 டொலரைச் சற்றுத் தாண்டியது.

மூன்றாவது இவான் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள். ஹெவன் ஹில் என்ற மிகப்பெரிய நிறுவனத்தினுடையது. கிராஃப்ட் என்று யாரும் அதை அழைக்கமாட்டார்கள். 20 டொலருக்குள் கிடைத்தது.

பின்னைய இரு போத்தல்களிலும் 'பொட்டில்ட் இன் பொண்ட்' என்ற வாசகம் இருந்தது. இந்தச் சொற்றொடருக்குப் பின்னால் வரலாறு ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சந்தையில் விஸ்கி என்ற பெயரில் விற்கப்பட்டவற்றுள் பெரும்பகுதி கலப்படம். வெறும் மதுசாரத்துக்கு நிறமும் மணமும் ஏற்றிப் பழைய விஸ்கி என விற்றனர். ஒழுங்காக வடித்தவர்கள் அரசாங்கத்திடம் முறையிட்டனர். அவர்களுள் முன்னின்றவர் கென்டக்கியின் கேணல் எட்மண்ட் ரெய்லர். அப்போது திறைசேரிச் செயலாளராக இருந்த ஜோன் கார்லைல், நியூபோர்ட்டுக்கு அடுத்த ஊரான கவிங்டனைச் சேர்ந்தவர். 1897 மார்ச் மாதம் சட்டம் நிறைவேறியது. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்ததாக இருக்க வேண்டும். அரசின் மேற்பார்வையிலுள்ள களஞ்சியத்தில் குறைந்தது நான்கு ஆண்டுகள் கிடக்க வேண்டும். சரியாக 50 சதவீத மதுசாரத்துடன் அடைக்கப்பட வேண்டும். எந்த வடிசாலையில் வடித்தது என்பதை லேபிளில் காட்டவேண்டும். உணவுக் கலப்படத்துக்கு எதிரான பொதுச் சட்டம் அங்கு 1906இல்தான் வந்தது. பாலுக்கும் இறைச்சிக்கும் முன்னதாக விஸ்கி நேர்மைச் சான்றிதழ் பெற்றுவிட்டது!

இந்த விதி சிறிய வடிசாலைக்காரரின் கழுத்தை எப்படி நெரிக்கும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். 2014இல் வடித்ததை 2018இல்தான் இப்பெயரில் விற்கலாம். நியூ றிஃப் அப்படித்தான் செய்தது. நான்கு ஆண்டுகள் தானியம் வாங்க வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும், வட்டி கட்ட வேண்டும். பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடைக்காலத்தில் அவர்களும் இந்தியானாவில் வடித்த பேர்பனை வாங்கி வேறு பெயரில் விற்றார்கள். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவில்லை.

பொறுமையற்றவர்கள் குறுக்கு வழியொன்றை நாடுவதுண்டு. வழக்கமான பீப்பாய் 53 கலன், ஏறத்தாழ 200 லீட்டர் கொள்ளும். அதற்குப் பதிலாக 5, 10 கலன் பீப்பாய்களில் இட்டால் மரத்தின் நிறம் விரைவில் ஏறும். நிறம் ஏறுவது உண்மை. ஆனால் மரத்தின் கைப்பு முந்திக்கொண்டு வந்துவிடும். காலம் செய்யவேண்டிய மற்ற மாற்றங்கள் வராமல் நின்றுவிடும். கென்டக்கியின் பெரிய வடிசாலையான பஃபலோ ட்ரேஸ் சிறு பீப்பாய்களில் ஆறு ஆண்டுகள் வைத்துப் பரிசோதித்துவிட்டு, அம்முயற்சி தோல்வி என்று 2012இல் தானே அறிவித்தது. தன் தோல்வியைத் தானே அறிவித்த நிறுவனச் செய்திகளை என் தொழில் வாழ்வில் விரல்விட்டு எண்ணலாம்.

சின்ன வடிசாலைகளுக்கு ஓர் ஆறுதலும் கிடைத்தது. 2018 முதல் மத்திய அரசின் தீர்வை, முதல் ஒரு இலட்சம் அலகுகளுக்கு, அலகொன்றுக்கு 13.50 டொலரிலிருந்து 2.70 டொலராகக் குறைக்கப்பட்டது. 2020 டிசம்பரில் அது நிரந்தரமாக்கப்பட்டது. 40 டொலருக்கு நேர்மையான கிராஃப்ட் பேர்பன் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருமகன் மூன்று குவளைகளின் அடியில் எண்களை ஒட்டி, எனக்குத் தெரியாமல் மாற்றி மாற்றி வைத்தான். ஒவ்வொன்றிலும் 15 மில்லிலீட்டர். அளவுக் குவளை அவனிடம் இருந்தது. அந்த அளவுக் குவளையைப் பார்த்தபோதுதான் அவனுடைய தந்தையின் நினைவு எனக்கு வந்தது.

என் தங்கையின் கணவர் கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞர். அருமையான மனிதர், தாயக்கட்டையிலும் கணக்கிலும் புலி. அவர் குடித்ததைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எவரும் சத்தமாகப் பேசியதில்லை. ஆரம்பத்தில் சாராயம். சம்பளம் போதாதபோது கசிப்பு. ஈரல் கெட்டு 1998இல் காலமானார். மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மரண அறிவித்தலை நான்தான் எழுதினேன். 'சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து' என்று எழுதினேன். அந்தக் காலத்து மரண அறிவித்தல்களில் அந்தச் சொற்களின் அடியில் கிடந்தது எத்தனையோ.

ஆகவே அந்த வீட்டில் மூன்று போத்தல்கள் மேசைக்கு வருவதென்பது சாதாரண விடயமன்று. "அம்மாவுக்குத் தெரியும் மாமா. ஒளிச்சுக் குடிக்கிறதில்லை எண்டு அவவுக்குச் சொல்லியிருக்கிறன். மாதத்திலை ரண்டு நாள், அளந்து" என்றான். தங்கை சமையலறையில் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் குழாய் நீரின் சத்தம் நின்றிருந்தது.

சுவைப்பதற்கு வருவோம். முதல் எண் குவளையை மூக்கருகே கொண்டுசென்றபோது வெண்ணெயும் சர்க்கரைப் பாகும் சேர்ந்த மணம். அதன் பின்னால் வறுத்த கச்சான். வாயில் இனிப்பு உடனே பரவி, உடனே முடிந்தது. குற்றம் சொல்வதற்கு ஏதுமில்லை. இரண்டாம் எண்ணில் மணம் மெல்லியது. வனிலா, பிறகு ஒரு வெறுமை. தண்ணீர் விட்டுப் பார்த்தேன், தண்ணீர்தான் கூடியது. மூன்றாம் எண் முதலில் மூக்கைக் குத்தியது. கறுவா, கராம்பு, மிளகு. றை தானியத்தின் காரம் அது. விழுங்கியபின் தொண்டையில் நெடுநேரம் நின்றது. எனக்கு முதலில் அது பிடிக்கவில்லை, முரட்டுத்தனமாகத் தோன்றியது. தேக்கரண்டியால் நாலைந்து துளி நீர் விட்டேன்.

நீர் விடுவது பலவீனர் செயல் என்று கருதுவோர் உளர். சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2017இல் இதனைக் கணினிமூலம் ஆராய்ந்தனர். விஸ்கியின் மணத்துக்குக் காரணமான கூறுகளுள் ஒன்றாகிய குவாயக்கோல், நீர் சேர்த்து மதுசாரத்தின் செறிவைக் குறைக்கும்போது மேற்பரப்புக்கு அண்மையில் அதிகம் தங்குகிறது என்று கண்டனர். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஆய்வுக்காகக் காத்திராமலே சாராயத்துக்கு நீர் விட்டனர்.

நீர் விட்டபின் மூன்றாம் எண் வேறொன்றாயிற்று. காரம் பின்னடைய, காய்ந்த செர்ரிப் பழம் போன்ற புளிப்பினிப்பு ஒன்றும், மிகத் தெளிவாகக் கொப்பரையின் மணமும் வந்தன. தேங்காய் மணம் என் பிறந்த மண்ணின் நினைவால் வந்த மயக்கமன்று. அமெரிக்க ஓக் மரத்தில் லக்டோன் என்னும் பொருள் நிறைய உண்டு. அதன் மணமே தேங்காய்தான். வனிலா மணமும் மரத்திலிருந்து வருவதே. உட்புறத்தைக் கருக்கும்போது மரத்திலுள்ள சர்க்கரைகள் உருகிப் பாகாகின்றன. பேர்பனின் இனிப்பு மணத்தில் ஒரு பங்கு அதிலிருந்து கிடைக்கிறது.

அப்போது தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எவரும் அழைக்கவில்லை. மூன்றாம் எண் குவளையை எடுத்து, குடிக்காமல், நெடுநேரம் மோந்தாள்.

"இது அவர் குடிச்ச மணம் இல்லை அண்ணா. அது படலையடியிலேயே தெரியும். எவ்வளவு குடிச்சவர், எங்கை குடிச்சவர் எண்டு நான் படலையிலேயே சொல்லுவன்" என்றாள். பிறகு மீண்டும் மோந்துவிட்டு, "இது பனங்கட்டி காய்ச்சேக்கை தாச்சி அடிப்பிடிச்ச மணம். கருக முதல், கொஞ்சம் முந்தின மணம்" என்றாள்.

நான் பல ஆண்டுகளாக விஸ்கி விமர்சனங்களை வாசித்து வருகிறேன். கருக்கிய ஓக் பீப்பாயின் மணத்தை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன ஒரு வரியை நான் கண்டதில்லை. முதற் குவளையை மோந்து, "இது கடை டொஃபி" என்றாள். இரண்டாவதைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொட்டும் வாயில் படாமல் மூன்றையும் வரிசைப்படுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த மூக்கு எங்கே, எந்தப் பாடசாலையில் பயின்றது என்பது எனக்கும் மருமகனுக்கும் தெரியும். இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

எண்களைத் திருப்பிப் பார்த்தோம். முதலாவது இவான் வில்லியம்ஸ். இரண்டாவது பாட்டனார். மூன்றாவது நியூ றிஃப்.

இனித் தீர்ப்பு. 40 டொலர் போத்தல் 20 டொலர் போத்தலைவிட இரு மடங்கு சிறந்ததா என்று கேட்டால், இல்லை. விலை இரட்டிப்பாகும்போது சுவை இரட்டிப்பாகும் பொருளை நான் எங்கும் கண்டதில்லை. பனிக்கட்டி போட்டோ, சோடா கலந்தோ அருந்துபவர்கள் இவான் வில்லியம்ஸை வாங்குவதே அறிவுடைமை. எஞ்சிய காசுக்கு நல்ல புத்தகம் வாங்கலாம். நீர் சில துளி விட்டு, ஒரு சிறு அளவை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டிருக்கும் என்போன்றோருக்கு நியூ றிஃப் அந்த மேலதிக 20 டொலருக்குத் தகும். அதிலுள்ள றை தானியத்தின் காரம் எல்லோருக்கும் ஒத்துவராது. மென்மையை விரும்புவோர் கோதுமை சேர்த்த பேர்பன்களைத் தேடுவது நல்லது. மருமகனுக்கு முதற் குவளைதான் பிடித்தது. அவன் வளர்ந்தது டொஃபிக் காலத்தில். நான் பனங்கட்டிக் காலத்தவன். பெயர் கூறாத போத்தலை மீண்டும் வாங்குவதற்கான காரணம் எதுவும் எங்கள் இருவருக்கும் தென்படவில்லை.

இலங்கைச் சாராயத்தை இந்த அளவுகோலில் வைத்தால் என்னவாகும் என்று அன்றிரவு யோசித்தேன். தென்னங்கள்ளு தானாகவே நொதிக்கும். வடித்து, ஹல்மில்லா மரப் பீப்பாய்களில் இட்டு முதிரவைக்கும் மரபு நம்மிடம் உண்டு. ஆங்கிலேயர் 'திருகோணமலை மரம்' என்று அழைத்தது அந்த மரத்தைத்தான். தூய தென்னஞ்சாராயம் உலகின் எந்த மதுவகைக்கும் தரத்தில் பின்னிற்பதன்று. ஆனால் மலிவு வகைகளில் தென்னையின் பங்கு சொற்பம். எஞ்சியது கருப்பஞ்சாற்றுக் கழிபாகில் வடித்த வெறும் மதுசாரம். ஒரே வடிசாலை, ஒரே பருவம், இத்தனை ஆண்டு, இத்தனை சதவீதம் தென்னை என்று லேபிளில் எழுதக் கட்டாயப்படுத்தும் 1897ஆம் ஆண்டுச் சட்டம் போன்ற ஒன்று அங்கு இருந்தால், எந்தப் போத்தல் எஞ்சும், எது காணாமற்போகும் என்று அறிய ஆவல்தான்.

இதை வாசித்துவிட்டு எவரும் புதிதாகக் குடிக்கத் தொடங்க வேண்டியதில்லை. மதுசாரத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகக் கூறியிருக்கிறது. 50 சதவீதச் சரக்கில் 25 மில்லிலீட்டர் அருந்தினாலே ஏறத்தாழ 10 கிராம் தூய மதுசாரம் உடலுள் போகிறது. அன்று நாங்கள் ஆளுக்கு அருந்தியது அதைவிடச் சற்று அதிகம். மருமகன் அதைக் கணக்கிட்டு ஒரு சிறிய கொப்பியில் எழுதிவைத்தான். கணக்கில் தந்தையைப் போலவே அவனும் புலி.

அடுத்த தடவை கொழும்பிலிருந்து வரும்போது நல்ல தென்னஞ்சாராயம் ஒன்று கொண்டுவருவதாக அவனிடம் சொல்லியிருக்கிறேன். எண் ஒட்டி, நியூ றிஃபுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மோந்து பார்க்க வருவாயா என்று தங்கையிடமும் கேட்டிருக்கிறேன். "பாப்பம்" என்றாள்.